விலாசத்தின் கடைசியில் ஒரு கோடு

ஆதிநாராயணன் போனை வைத்த வேகத்தில் மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டு உருண்டு கீழே விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் கீழே விழுவதையெல்லாம் அடுத்தவர்கள்தான் எடுக்க வேண்டும். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அவர் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

"பூர்ணிமா, இங்க வா."

பூர்ணிமா எழுந்து போனாள். அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அவள். பில் அடிப்பது, லெட்டர் அடிப்பது, பிரிண்டர் இருமினால் முதுகில் தட்டுவது எல்லாம் அவள் வேலை. 2006-ல் சேர்ந்தபோது டைப் அடிக்கத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் அவளே புத்தகம் பார்த்து, முட்டி மோதி, கம்பெனிக்கு ஒரு வெப்சைட்டும் எழுதிவிட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

"பெங்களூர் அம்மா பேசுனாங்க. யானைக்கு அடியில இருக்கிற விலாசத்த அடிச்சா ஒண்ணுமே வரலியாம். இந்தப் பக்கம் இல்லன்னு வருதாம். நீங்க நெசமான கம்பெனிதானான்னு கேக்குறாங்க. என்னப் பாத்து கேக்குறாங்க."

யானை என்பது உள்ளங்கை அளவு வெள்ளைப் பீங்கான் யானை. பெங்களூரில் பரிசுப் பொருள் கடைகள் நடத்தும் ஒரு அம்மா ஆறாயிரம் யானை கேட்டிருந்தார். ஒவ்வொரு யானையின் அடியிலும் வெப்சைட் விலாசம் பதிந்திருக்க வேண்டும், வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து இன்னும் கேட்டு எழுத வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. இரண்டாயிரம் யானை சூளையில் வெந்து, பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் விலாசம் வேலை செய்யாவிட்டால் போனதெல்லாம் திரும்பி வரும், மீதி நாலாயிரமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"சைட்டு நல்லாதான் சார் இருக்குது" என்றாள் பூர்ணிமா. அவர் கண்முன்னாலேயே அடித்துக் காட்டினாள். முதலில் சென்னை டைல்ஸ் கடையின் பெயர். அது ஆதிநாராயணனுடைய மச்சான் கடை. தனியாக வெப்சைட் பெயர் வாங்க மனசு வராமல், மச்சான் கடைப் பெயருக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ள இடம் கேட்டு வாங்கியிருந்தார். அதனால் கடைப் பெயருக்கு அடுத்து ஒரு சாய்கோடு, விருத்தாசலத்தைக் குறிக்க மூன்று எழுத்து, இன்னொரு சாய்கோடு, கடைசியில் இங்கிலீஷ் எழுத்தில் யானை. பக்கம் வந்தது. யானைப் படம் வந்தது. ஆர்டர் எழுதும் கட்டங்கள் வந்தன.

"அப்ப அந்தம்மா பொய் சொல்றாங்களா?"

பூர்ணிமா அலமாரியிலிருந்து ஒரு யானையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அச்சில் பதிந்த எழுத்து தெளிவாக இருந்தது. ஆனால் யானை என்ற சொல்லுக்குப் பின்னால், கடைசி எழுத்தை ஒட்டி, ஊசியால் கீறிய மாதிரி ஒரு சாய்கோடு. பிளாஸ்டர் அச்சுக்கு அவள் கொடுத்த எழுத்தில் அந்தக் கோடு கிடையாது. கோட்டையும் சேர்த்து அடித்துப் பார்த்தாள். 'இந்தப் பக்கம் இல்லை' என்று வந்தது.

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. ராவும் பகலும் உட்கார்ந்து எழுதிய சைட்டு. ஒரு எழுத்து பிசகாமல் அச்சுக்காரனிடம் உட்கார்ந்து சரிபார்த்தது. யாரோ ஒருத்தி பொழுது போகாமல் ஊசியை எடுத்து இழுத்துவிட்டாள்.

"யாரோ கோடு போட்டிருக்காங்க சார். அதான் தப்பு. விலாசத்துல இல்லாத ஒண்ண சேத்துட்டாங்க."

"எவ அவ?"

"அடிப்பக்க வேலையெல்லாம் வீராயி அக்காதான் சார் பாக்குறாங்க."

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. கோபத்தில் வந்த வார்த்தைக்கு யோசனை எங்கே இருக்கப்போகிறது. ஆதிநாராயணன் யானையைக் கையில் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தார். பூர்ணிமா பின்னாலேயே போனாள்.

ஷெட்டில் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பச்சை மண் யானைகளுக்குப் பிசிறு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீராயி கடைசியில் இருந்தாள். சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். பத்தொன்பது வருடமாக வருகிறாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் யானை, ஒரு கையில் ஊசி.

"இந்தக் கோட்ட நீதான் போட்டியா?"

"ஆமா மொதலாளி" என்றாள் வீராயி. அதில் மறைக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னாள்.

"ரெண்டாயிரம் யானையிலயும்?"

"எல்லாத்துலயுந்தான். போடாம எப்பிடி?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அதை அவர் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை, திமிராக எடுத்துக்கொண்டார். பெங்களூரில் போன மானத்தையெல்லாம் அந்த ஷெட்டில் மீட்டுவிடுவது போல வாய்க்கு வந்தபடி பேசினார். படிக்காத கழுதைக்கு எழுத்துல என்ன வேலை என்றார். பதினோரு பெண்களும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில், "எழுந்திரு. நாளைலேருந்து வராத. இப்பவே கெளம்பு" என்றார்.

வீராயி ஊசியைப் பலகைமேல் வைத்தாள். முதலாளியைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற பூர்ணிமாவைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் ஊருக்கு அடுத்த பஸ் சாயங்காலம்தான் என்பதால் கேட்டுக்கு வெளியே அடுக்கியிருந்த செங்கல்மேல் போய் உட்கார்ந்தாள்.

பூர்ணிமாவுக்கு அப்போது கொஞ்சம் திருப்தியாகவே இருந்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. அடுத்தவன் செய்த தப்புக்கு நாம் திட்டு வாங்காமல் தப்பித்தால் யாருக்குத்தான் திருப்தி இருக்காது?

அந்தத் திருப்தி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. பெங்களூர் அம்மாவுக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள். விலாசத்தின் கடைசியில் கோடு வரக்கூடாது, வந்தால் எந்த சைட்டும் திறக்காது என்று எழுதினாள். எழுதிவிட்டு, சும்மா ஒரு சாட்சிக்கு, தனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகை சைட்டில் உள்பக்கம் ஒன்றின் விலாசத்துக்குப் பின்னால் கோடு போட்டு அடித்தாள். திறந்தது. ரிசல்ட் பார்க்கிற சைட்டில் போட்டாள். திறந்தது. ஏதோ ஒரு சினிமா சைட்டில் போட்டாள், அதுவும் திறந்தது. ஏழு சைட்டு பார்த்தாள். ஏழும் கோட்டை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வந்தவனை வாசலில் நிறுத்தி, உன் பேருக்குப் பின்னால் கோடு இருக்கிறது, போடா வெளியே என்று சொன்னது உலகத்திலேயே அவள் சைட்டு ஒன்றுதான்.

தன்னுடைய புரோகிராமைத் திறந்து பார்த்தாள். வருகிற விலாசத்தை ஒரு பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டிருந்தாள். யானை, கிளி, ஜாடி, தொட்டி. பட்டியலில் இருப்பது போல அச்சு அசலாக இருந்தால் பக்கம், இல்லாவிட்டால் 'இல்லை'. மனிதர்கள் விலாசத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே எழுதுவார்கள் என்று அதை எழுதியபோது அவளுக்குத் தோன்றவே இல்லை. சீக்கிரம் முடித்துச் சாரிடம் காட்டிப் பேர் வாங்கும் அவசரம்.

மறுபடியும் கோபம் வந்தது. இந்தத் தடவை யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மெயிலை அழித்தாள். முதலில் சரி செய்வோம், சரி செய்துவிட்டால் சார் தானாகவே வீராயியைக் கூப்பிட்டுக்கொள்வார் என்று நினைத்தாள். கோழை நினைப்புதான், ஆனால் நினைத்தாள்.

கடைசிக் கோட்டை அறுத்துவிட்டு ஒப்பிடும்படி ஒரு வரி எழுதினாள். இரண்டு நிமிட வேலை. கோட்டோடு அடித்தாள். பக்கம் வந்தது; ஆனால் யானையைக் காணோம். படம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் கட்டம். ஆர்டர் எழுதி அனுப்பும் பட்டனை அமுக்கினால் மறுபடியும் 'இல்லை'. கால் மணி நேரம் முறைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கோடு இல்லாதவரை யானை என்பது ஒரு பேர். படம் பக்கத்திலேயே இருக்கிறது என்று பிரவுசர் தேடும். கோடு போட்டால் யானை ஒரு அறையாகிவிடுகிறது. படத்தையும் ஆர்டர் பாரத்தையும் பிரவுசர் அந்த அறைக்குள் நுழைந்து தேடுகிறது. இல்லாத அறையில் என்ன கிடைக்கும்?

சரி, கோட்டோடு வருகிறவர்களைக் கோடு இல்லாத விலாசத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தாள். எழுதினாள். அடித்தாள். கம்ப்யூட்டரில் சென்னை மச்சான் கடை பளபளவென்று திறந்துகொண்டது. பாத்ரூம் டைல்ஸ். வெள்ளை, இளநீலம், ரோஸ், ஆடித் தள்ளுபடி.

பூர்ணிமா கீபோர்டை இரண்டு கையாலும் குத்தினாள்.

சென்னைக்கு போன் போட்டாள். அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்பவன் அன்புச்செல்வன். பெயரில் இருக்கிற அன்பு குரலில் கிடையாது.

"உங்க மூணு எழுத்த நாங்க வாசல்லயே கழட்டிட்டுதான் மேடம் உள்ள அனுப்புறோம். உங்க புரோகிராம் அத பாக்கவே பாக்காது. அது யானைக்குப் போன்னு சொன்னா பிரவுசர் எங்க கடைக்குள்ள யானைய தேடும். அப்படி ஒண்ணு இல்லன்னா முன்பக்கம் வரும்."

"அப்ப கழட்டாம அனுப்புங்க."

"உங்க ஒருத்தருக்காக மாத்த முடியாது மேடம். உங்க ஆளுங்கள கோடு போட வேணாம்னு சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

இரண்டாவது தடவை போட்டாள். சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். மூன்றாவது தடவை அவனே எடுத்தான். உங்கள் கடையில் ஒண்டியிருக்கிறோம் என்பதற்காக எங்கள் பேரையே கழற்றி வைப்பீர்களா என்று ஒரு பிடி பிடித்தாள். அவனும் கத்தினான். கத்தின கத்தலில் உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னான்: "நீங்க எங்க குடியிருக்கீங்கன்னு உங்க புரோகிராமுக்கு நீங்கதான் மேடம் சொல்லித் தரணும். அதுவும் நானா வந்து சொல்லணும்?"

போனை வைத்தபோது எதிரே கருப்பன் நின்றுகொண்டிருந்தான். எஸ்டேட்டில் ஒன்பது கம்பெனிக்கும் சேர்த்து ஒரே பொதுச் சூளை. அதில் மால் அடுக்கி, இறக்கி, பிரித்துக் கொடுப்பவன் அவன்தான். இந்த போன் சண்டையை எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை. அவன் கையில் ஒரு பச்சை யானை இருந்தது.

"இன்னாம்மா இது, கோடு இல்லாம வருது? ஷெட்டுல கேட்டா இனிமே போடக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாருன்றாங்க. நாளைக்கு சூளையில பழமலை கம்பெனி யானையும் வேவுது. ரெண்டும் ஒரே வெள்ள. எறக்குறப்ப எது யாருதுன்னு இங்கிலீசு படிக்கத் தெரியாத நான் எத வச்சி பிரிக்கிறது?"

பூர்ணிமா யானையை வாங்கிப் பார்த்தாள். "அந்தக் கோடு அதுக்கா?"

"பின்ன எதுக்கு? உங்களுக்கு சாய்கோடு. பழமலைக்கு ரெண்டு புள்ளி. பெரியநாயகி அம்மா கம்பெனிக்கு அர வட்டம். எழுத்து முடியிற எடத்துல போடணும்னு கணக்கு."

"கொஞ்சம் தள்ளிப் போடக்கூடாதா? ஏன் எழுத்த ஒட்டியே போடுறாங்க?"

"தள்ளிப் போட்டா கீறல் வுழுந்த மாலுன்னு நான் தூக்கி ஒடஞ்சதோட போட்ருவன். ஒரு தடவ அப்பிடித்தான் ஆச்சு. எழுத்தோட ஒட்டிப் போடுங்கன்னு உங்க மொதலாளிதான் அப்ப வந்து சொன்னாரு. அதுலேருந்து வீராயி கை ஒரு நூலு தப்புனதில்ல."

எழுத்தில் கை வைத்தாள் என்று விரட்டினார்களே, அந்தக் கையைத்தான் ஒன்பது கம்பெனிச் சூளையும் நம்பியிருந்தது. கோடு போடச் சொன்னவர் முதலாளி. கோட்டைக் கண்டு மிரண்டது இவள் புரோகிராம். போனது மட்டும் வீராயி வேலை. பூர்ணிமாவுக்கு முகமெல்லாம் எரிந்தது.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். நாம் குடியிருக்கும் இடம் இது என்று அந்த மூன்று எழுத்தையும் புரோகிராமின் தலைப்பில் ஒரே இடத்தில் எழுதி வைத்தாள். படம், பாரம், பட்டன், திருப்பி அனுப்பும் விலாசம், எல்லாவற்றையும் அதிலிருந்து தொடங்கும்படி மாற்றினாள். மூன்று மணிக்குக் கோட்டோடு அடித்தாள். கோடு கழன்றுகொண்டு, யானை அதன் இடத்தில் வந்து நின்றது. ஆர்டர் பட்டன் வேலை செய்தது. கிளிக்கும் ஜாடிக்கும் தொட்டிக்கும் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. ஆதிநாராயணன் பெங்களூருக்கு போன் போட்டார். அந்த அம்மா அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துப் பேசினார். ஆர்டர் நின்றது.

"கெட்டிக்காரிம்மா நீ" என்றார் ஆதிநாராயணன்.

"சார், வீராயி அக்காவ கூப்பிடணும் சார். அவங்க போட்ட கோடு நம்ம கம்பெனி அடையாளமாம். நீங்க சொல்லித்தான் போட்டாங்களாம். தப்பு என் புரோகிராம்ல சார்."

அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல அணைந்தது. அவருக்கு நினைவு வந்துவிட்டது என்பது தெரிந்தது. நினைவு வந்ததை ஒத்துக்கொள்ளும் சாதி இல்லை அவர்.

"அந்தம்மாகிட்ட, தப்பு பண்ண பொம்பளைய வேலைய விட்டு எடுத்தாச்சுன்னு காலையிலயே சொல்லிட்டேன். இப்ப அவள திரும்பச் சேத்தா என் வார்த்தைக்கு என்ன மரியாத? ரெண்டு மாசம் போவட்டும், பாக்கலாம். நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. இது உனக்கும் நல்லதுதானே."

உனக்கும் நல்லது. அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. காலையில் அவளுக்கு வந்த திருப்தியை அவர் அப்படியே எடுத்துத் தட்டில் வைத்து நீட்டிய மாதிரி இருந்தது.

அவள் வெளியே வந்து நேராக ஷெட்டுக்குள் போனாள். பதினோரு பெண்களும் நிமிர்ந்தார்கள். கருப்பன் மால் எண்ணிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் கேளுங்க" என்றாள். "வீராயி அக்கா போட்ட கோட்டுல தப்பு இல்ல. கம்ப்யூட்டர்ல நான் எழுதினதுதான் தப்பு. சார்கிட்ட அவங்க பேர சொன்னதும் நான்தான்."

பின்னாலேயே வந்துவிட்ட ஆதிநாராயணன், "பூர்ணிமா, உள்ள வா, பேசிக்கலாம்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவங்கள போகச் சொன்னது இங்கதான சார். இங்கயே பேசிக்கலாம்."

"வேல வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும் சார். அவங்களுக்கும் வேணும்."

கருப்பன் எண்ணுவதை நிறுத்தினான். "கோட்ட எழுத்தோட ஒட்டிப் போடச் சொன்னது நீங்கதான மொதலாளி" என்றான், சாவதானமாக. "இல்லன்னு சொன்னீங்கன்னா நாளைக்கு நான் குத்துமதிப்பாதான் பிரிப்பன். உங்க யானை பழமலைக்குப் போச்சுன்னா என்ன கேக்கக்கூடாது."

ஆதிநாராயணன் பெண்களைப் பார்த்தார். ஒருத்தி கையும் வேலையில் இல்லை. "சரி, வரச் சொல்லித் தொலை" என்றார்.

பூர்ணிமா கேட்டுக்கு ஓடினாள். வீராயி அதே செங்கல்மேல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பை பிரிக்காமல் மடியில் இருந்தது. சார் வரச் சொல்கிறார் என்றாள்.

"போவச் சொன்னப்ப அவரு வாயாலதான சொன்னாரு" என்றாள் வீராயி. "அவரே வந்து கூப்புடட்டும். இல்லன்னா பஸ்ஸு வருது, நான் போயிட்டே இருக்கன்."

ஆதிநாராயணன் வந்தார். கேட்டுவரை வரவில்லை, பத்தடி தள்ளி நின்றார். பெண்கள் ஷெட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். "வீராயி, போ, வேலயப் பாரு" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. சொல்லிவிட்டு விருட்டென்று ஆபீஸுக்குத் திரும்பிவிட்டார்.

வீராயி எழுந்து புடவையில் ஒட்டிய செங்கல் தூளைத் தட்டிவிட்டாள். அவள் முகம் இளகவில்லை. பூர்ணிமா, "அக்கா, என்ன மன்னிச்சிடுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், தப்பு என்னுதுன்னு" என்றாள்.

"கேட்டுது. கேட்டுவரைக்கும் கேட்டுது" என்றாள் வீராயி. இரண்டடி நடந்து நின்றாள். "காலையிலேருந்து மெட்ராஸுக்கு மூணு வாட்டி போன் போட்டு கேட்டியாமே. கருப்பன் வந்து சொன்னான்."

"ஆமாக்கா."

"ஏன் கோடு போட்டன்னு என்னாண்ட ஒரு வாட்டி கேட்டியா?"

வீராயி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பூர்ணிமாவைத் தாண்டி ஷெட்டுக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.